தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் எப்போதாவது மருந்தாகப் பயன்பட்டிருக்கிறதா?

இன்றும் பயன்படுகிறது, அதுவும் ஒன்றரைக் கிலோகூட நிறையாத சிசுக்களுக்கு. என் மகள் கொழும்பில் 30ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். அவளுடைய மருந்துச் சீட்டில் கஃபீன் சிட்ரேட் என்று எழுதியிருப்பதைக் கண்டு, பிளேன்ரீயில் இருப்பதுதானா இது என்று நான் கேட்டபோது, மூத்த தாதி ஒருவர், "அதேதான் தம்பி, பிள்ளை மூச்சுவிட மறக்காமல் இருக்க" என்றார். அன்றிலிருந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்து வருகிறேன்.

கவிஞர் கோத்தே கொடுத்த கோப்பிக்கொட்டைகளை 1819இல் ஆராயத் தொடங்கிய இளம் வேதியியலாளர் ரூங்கே, அவற்றிலிருந்து கஃபீனைப் பிரித்தெடுத்தார். 1827இல் தேயிலையிலிருந்து எடுக்கப்பட்டுத் 'தெயீன்' எனப் பெயரிடப்பட்டதும் அதே பொருள்தான் என்பது பின்னர் தெளிவாயிற்று. எமில் ஃபிஷர் 1895இல் அதை ஆய்வுகூடத்திலேயே ஆக்கிக் காட்டினார். சாந்தீன் என்னும் மூலக்கூறில் மூன்று மெதைல் கூட்டங்கள் (ஒரு காபன் அணுவும் மூன்று ஐதரசன் அணுக்களும் கொண்ட சிறு பகுதிகள்) இணைந்தால் அது கஃபீன். இரண்டு மட்டும் உரிய இடங்களில் இணைந்தால், கொசெல் 1888இல் தேயிலையில் கண்ட தியோஃபிலின்.

குறைமாதச் சிசுவின் மூளைத்தண்டு முதிர்ந்திருக்காது என்பதால், அது இருபது விநாடிகளுக்கும் மேலாக மூச்சை நிறுத்திவிடக்கூடும். மூச்சைத் தூண்டும் நரம்புகளை அடக்குகின்ற அடினோசின் தன் வாங்கிகளில் சென்று அமராதபடி கஃபீன் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்வதால், இரத்தத்தில் காபனீரொட்சைட்டு சற்றுக் கூடினாலே மூளைத்தண்டு விழித்துக்கொள்கிறது. நம்மை இரவில் தூங்கவிடாமல் செய்வதும் அடினோசினைத் தடுக்கும் இதே வேலைதான்.

1970களில் சிசுக்களின் இந்த மூச்சுநிறுத்தத்துக்கு முதலில் கொடுக்கப்பட்டது தியோஃபிலின். சிசுவின் உடல் அதன் ஒரு பகுதிக்கு இன்னொரு மெதைலைச் சேர்த்துக் கஃபீனாகவே மாற்றிவிடுகிறது என்பது தெரியவந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை. கஃபீனைச் சிதைக்கும் ஈரல் நொதியம் அந்த வயதில் போதிய அளவு உருவாகியிருக்காது. வளர்ந்தவர்களின் உடலில் ஏறத்தாழ ஐந்து மணித்தியாலத்தில் பாதியாகும் மருந்து, சிசுவின் உடலில் பாதியாவதற்கு நூறு மணித்தியாலம் வரை எடுக்கும். எனவே நாளுக்கு ஒரு வேளை போதும். ஆனால் அளவு எடைக்கேற்பக் கணக்கிடப்படுவது. தேநீரை நாமாக ஊட்டுவதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நெடுங்காலம் வழக்கத்தில் இருந்த இம்மருந்தின் நன்மையை, 1250 கிராமுக்கு மேற்படாத 2006 சிசுக்களைக் கொண்ட பன்னாட்டு ஆய்வு 2006, 2007ஆம் ஆண்டுகளில் உறுதிப்படுத்தியது. நாட்பட்ட நுரையீரல் பாதிப்பு 47 வீதத்திலிருந்து 36 வீதமாகக் குறைந்திருந்தது.

கர்ப்பக் கணக்கில் 34 வாரம் நிறைந்தபோது என் மகளுக்கு மருந்தை நிறுத்தினார்கள். நிறுத்திய பின்பும் அது உடலை விட்டு மெல்லத்தான் நீங்கும் என்பதால், அது இல்லாமலே அவள் சீராக மூச்சு விடுகிறாளா என்று மேலும் ஒரு வாரம் கண்காணித்துவிட்டே வீட்டுக்கு அனுப்பினார்கள்.