இந்த மார்க்குக்கு வரலாறா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு எனக்குத் தொழில். மகள் பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ் குரூப் எடுத்து 600க்கு 541 வாங்கியிருக்கிறாள். இப்போது பி.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நர்சிங்குக்கு விட்டால் நாலு வருஷத்தில் கல்ஃப் போயிருவா, குடும்பம் கரையேறும் என்கிறான் மச்சினன். 'இந்த மார்க்குக்கு ஹிஸ்டரியா?' என்று பள்ளிக்கூடத்திலேயே கேட்டுவிட்டார்கள். அம்மா மட்டும், 'அவ இஷ்டத்துக்கு விடுல' என்கிறாள். அம்மா பழைய மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நான் பத்தாம் கிளாஸோடு நின்றவன், ஒன்றும் பிடிபடவில்லை. ஹாஸ்டலில் விடவும் பயமாக இருக்கிறது. நீங்கள் ஒரு வழி சொல்லுங்கள்.

ம., குலசேகரம்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

படிக்கட்டும். என் பதில் அவ்வளவுதான். ஆனால் மச்சினனிடம் நீங்கள் எதையாவது சொல்லியாக வேண்டுமே, அதற்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மச்சினனைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் படிப்பும் பிழைப்பும் சேர்ந்தே வந்தவை. 1820களில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியபோது எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். தோளில் சீலை போடவே அனுமதியில்லாத பெண்கள் கைக்காசு பார்த்தது அந்த லேஸில்தான். அந்த மேலாடை உரிமையை ஒட்டி நடந்த தோள்சீலைக் கலவரத்தில் கும்பல்கள் கிறிஸ்தவக் கோயில்களோடு பள்ளிக்கூடங்களையும் எரித்தன. படிப்பு எதை மாற்றும் என்று எரித்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. 'படிச்சா என்ன கிடைக்கும்?' என்று கேட்பது அற்பமான கேள்வியில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரம். 866இல் ஆய் குல மன்னன் கருநந்தடக்கன் அங்கே ஒரு விண்ணகரத்தை, அதாவது விஷ்ணு கோயிலை, எழுப்பி, கூடவே ஒரு சாலையையும் நிறுவினான். காந்தளூர்ச் சாலை என்ற பழைய கல்வி நிலையத்தை மாதிரியாகக் கொண்ட கல்விச்சாலை அது. வேதம் ஓதும் பிராமணப் பிள்ளைகள் 95 பேருக்கு இடம், வேதப் பிரிவு வாரியாக ஒதுக்கீடு, சாப்பாடு, தங்குமிடம். இதையெல்லாம் சொல்லும் செப்பேடு தமிழில் இருக்கிறது. அதை இன்று அறிஞர்கள் ஹஜூர் ஆபீஸ் செப்பேடு என்கிறார்கள், திருவனந்தபுரத்து அரசு அலுவலகத்தில் கிடந்ததால் வந்த பெயர். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் என் வீட்டுப் பிள்ளைக்கும் அந்த 95இல் ஓர் இடம்கூடக் கிடைத்திருக்காது. பெருமை பேசுகிறவர்கள் இதை விட்டுவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

மற்றொன்று சிதறால் மலை. பார்த்திவபுரத்தை ஒட்டிய காலத்து, வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், பேராயக்குடி அரிட்டநேமி பட்டாரரின் மாணவியான குணந்தாங்கி குறத்திகள் (குறத்தி என்றால் இங்கே பெண் குரு) பகவதிக்குப் பொன் கொடுத்தார் என்பது செய்தி. சமணத் துறவி, அதிலும் ஒரு பெண். ஒரே விளவங்கோடு பகுதியில் பெண்ணுக்கு இடமில்லாத ஒரு சாலையும், பெண்ணை மாணவி என்று பாறையில் பெயரோடு பொறித்த ஒரு மலையும் இருந்திருக்கின்றன. ஏன் இப்படி என்று யாராவது கேட்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை சிதறாலுக்குப் போகிறவர்கள் காற்று வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது மார்க்கில்லை, உங்கள் அம்மா. அதுவரை திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்த நாம் 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதற்கு முந்தைய நம் ஆவணங்களில் பெரும்பங்கு திருவனந்தபுரத்தில் இருக்கிறது, மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். இன்றைக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் வாசிக்க வருவதில்லை, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழைய தமிழ் புரிவதில்லை. இரண்டும் தெரிந்த ஆராய்ச்சியாளர்கள் அருகிவருகிறார்கள். உங்கள் மகளுக்கு மலையாள வாத்தியார் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறார். கல்லூரி திறப்பதற்குள் பேத்தியை உட்கார வைத்து எழுத்துப் படிப்பிக்கச் சொல்லுங்கள். வட்டெழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையை நாம் குழந்தைப் பாட்டோடு நிறுத்திவிடுகிறோம். அவர் ஆசிரியர், வரலாற்றில் பட்டம் வாங்கியவரும் இல்லை. ஆனால் அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்துப் பழைய ஓலை ஆவணங்களைத் தேடிப்போய்ப் படியெடுத்தவர் அவர். காந்தளூர்ச் சாலை பற்றியும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். நர்சிங் படித்த பிள்ளை சம்பளம் வாங்கும் வயதில் உங்கள் மகள் எம்.ஏ. படித்துக்கொண்டிருப்பாள். அந்த இரண்டு மூன்று வருஷத்தை வீடு தாங்குமா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். அதற்குப் பிறகு பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வு எழுதலாம். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் வரலாறு கைகொடுக்கும். எம்.ஏ. முடித்தவர்களுக்குத் தமிழகத் தொல்லியல் துறை சென்னையில் ஈராண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்துக்குத் தொல்லியலுக்கென்றே தனித் துறை உண்டு, நமக்குச் சென்னையைவிட எத்தனையோ பக்கம்.

கல்லூரியைக் கட்டடம் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் பழைய கல்லூரிகள் இருக்கின்றன. ஸ்காட் கல்லூரியின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து மிஷன் செமினரி, இந்துக் கல்லூரி 1952இல் வந்தது. எங்கே போனாலும் முதலில் கேட்க வேண்டியது, கிடைக்கும் சீட் எய்டடா (அரசு உதவி பெறுவது) செல்ஃபா (சுயநிதி) என்று. ஒரே வளாகத்துக்குள் இரண்டும் இருக்கும், கட்டணம்தான் மலைக்கும் மடுவுக்கும். எய்டட் ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் கொடுப்பதால் அவர்கள் நிலைத்திருப்பார்கள். செல்ஃபில் பலர் சொற்பச் சம்பளத்துக்கு வந்து, வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள், பாவம். அடுத்தது நூலகம். வரலாற்று அலமாரியில் கைடுகளைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று மகளையே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹாஸ்டல் பயம் நியாயமானது. மார்த்தாண்டம் என்றால் வீட்டிலிருந்தே போய்வரலாம், அந்தக் கவலை இல்லை. நாகர்கோவில் என்றால் கொஞ்சம் விசாரியுங்கள். பார்த்திவபுரம் செப்பேட்டிலேயே மாணவர்களுக்கு விதிகள் இருக்கின்றன. சபைக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது, ஒருவரையொருவர் இகழ்ந்தால் தண்டம். விதி எழுதினார்கள் என்றால் அப்படியெல்லாம் நடந்திருக்கிறது என்றுதானே பொருள்? இன்று ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1997இலிருந்து தனிச்சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் புகார் எண் 1800-180-5522. பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி. அதில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று கேளுங்கள். ஆபீஸில் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அதனால் அங்கே இரண்டாம் வருஷம் படிக்கும் பிள்ளைகளிடம் உங்கள் மகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கொஞ்சம் தள்ளி டீக்கடையில் நில்லுங்கள். அப்பா பக்கத்தில் நின்றால் அந்தப் பிள்ளைகள் வாய் திறக்காது.