அண்ணாச்சி கடையைவிட மலிவாக விற்கலாமா?

கேள்வி: சென்னையில் எங்கள் தெருவில் 60 குடும்பங்கள் ஆளுக்கு 5,000 ரூபாய் போட்டுச் சொந்தமாக ஒரு மளிகைக் கடை திறக்கப் போகிறோம். அண்ணாச்சி கடையைவிட 10 சதவீதம் குறைத்து விற்பதாகத் திட்டம். என்ன சொல்கிறீர்கள்?

பதில்: குறைக்காதீர்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் கலந்து பார்த்தால், நூறு ரூபாய் விற்பனையில் கையில் நிற்பது பத்துப் பன்னிரண்டு ரூபாய். அதைத்தான் தள்ளுபடி செய்யப் பார்க்கிறீர்கள்! அண்ணாச்சி வீட்டில் நாலு பேர் சம்பளம் வாங்காமல் காலை ஆறு முதல் இரவு பத்தரை வரை நிற்கிறார்கள். உங்கள் கடையில் நிற்பவருக்குச் சம்பளம் உண்டு.

வாடகை 15,000, ஒரு முழுநேர ஆள், ஒரு அரைநேர ஆள் சம்பளம் 26,000, மின்சாரம், ஏற்றுகூலி, சேதாரம் 7,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 48,000. இதை எடுக்க மாதம் 4,80,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். அதாவது 60 குடும்பமும் ஆளுக்கு 8,000 ரூபாய்க்கு உங்களிடமே வாங்க வேண்டும். அவசரத்துக்குக் கொத்தமல்லியும் தயிரும் மட்டும் இங்கே, மாத மளிகை ஆன்லைனில் என்றால் மூன்றாம் மாதமே ஷட்டர் இறங்கிவிடும்.

நீங்கள் போடும் மூலதனம் மூன்று லட்சம். அட்வான்ஸ் 90,000, அலமாரி, தராசு, பில் மெஷின், ஃபிரிட்ஜ் 80,000 போனால் சரக்குக்கு 1,30,000 மிஞ்சும். மாதக் கொள்முதலோ நாலே கால் லட்சத்துக்கு மேல். போட்ட பணம் ஒன்பது நாளுக்கு ஒருமுறை திரும்பி வந்தாக வேண்டும். பற்று நோட்டு போட்டால் வராது.

1844-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டுக் கடை திறந்தபோது வைத்த சரக்கு வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி, அவ்வளவுதான். ரொக்கத்துக்கு மட்டுமே, சந்தை விலைக்கே விற்றார்கள். மிஞ்சிய லாபத்தை, யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த விகிதத்தில் பிரித்தார்கள். 1904-ல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய கூட்டுறவுச் சங்கமும் அந்த வழியில் வந்ததுதான். நீங்களும் கடை விலைக்கே விற்றுவிட்டு, அந்த லாபப் பங்கை ஆண்டுக் கணக்கு முடிந்த பிறகு போனஸாகக் கொடுங்கள்.

குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் நடத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் லாபத்தை உறுப்பினர்களுக்குப் பங்கிட முடியாது. 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் பண்டகசாலையாகப் பதியுங்கள். பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. உணவுப் பாதுகாப்புப் பதிவும், தராசுக்கு முத்திரையும் தனி.

திருட்டைவிடப் பெரிய ஓட்டை கொள்முதலில்தான். வாங்குபவர் ஒருவர், மூட்டையை எடைபோட்டு இறக்குபவர் வேறொருவர், பணம் கொடுப்பவர் மூன்றாமவர் என்று பிரித்துவிடுங்கள். 'இன்று நீ, நாளை நான்' என்று கல்லாவில் ஆள் மாறினால், இருப்பு குறையும்போது யாரைக் கேட்பது? ரவை, மைதாவில் ஒரு மாதச் சரக்குக்கு மேல் வேண்டாம், வண்டு விழும். மழைக்காலத்தில் மிளகாய் வற்றலுக்கு அதுவும் அதிகம்.

கடை பார்க்கும் முன் ஆறு மாதம் ஒன்று செய்யுங்கள். 25-ஆம் தேதிக்குள் எல்லா வீட்டிலும் முன்பணத்தோடு பட்டியல் வாங்கி, மொத்த விலையில் எடுத்து, முதல் ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டு மாடியில் பிரித்துக் கொடுங்கள். அரிசி, துவரை, உளுந்து, எண்ணெய், சர்க்கரை என்று இருபது பொருள் போதும். ஆறாம் மாதமும் 50 வீடு பணம் கட்டினால் வாடகைக்கு இடம் பாருங்கள். 30-க்கு இறங்கினால் மாடியிலேயே நடத்துங்கள். சம்பளமும் வாடகையும் இல்லாததால், நீங்கள் ஆசைப்பட்ட விலைக்குறைப்பு அங்கேதான் கிடைக்கும்.