திருவிழா வரி மாதிரி வசூலிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். 120 தலைக்கட்டு. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை போய்த் திரும்பி வந்தவர்கள், ஆள் வேலை இல்லாத விவசாயக் கூலிகள் என்று 18 வீடு மிகவும் சிரமத்தில் இருக்கின்றன. தை அறுவடை வரை தாங்கிப் பிடிக்க ஊரில் நிதி திரட்ட நினைக்கிறோம். தலைக்கட்டு வரி போடலாம் என்கிறார்கள் சிலர், மொய் விருந்து வைக்கலாம் என்கிறார்கள் சிலர். சிங்கப்பூரில் இருப்பவர்களும் பணம் அனுப்பத் தயார். கஜா புயலின்போது வசூலித்த பணத்தில் சண்டை வந்து இன்றும் சிலர் பேசிக்கொள்வதில்லை. இந்த முறை எப்படிச் செய்வது? – பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தலைக்கட்டு வரி வேண்டாம். வரி என்று போட்டால் அந்த 18 வீடும் தலைக்கட்டுதான். அவர்களுக்கு விலக்கு கொடுத்தால் யாருக்கு விலக்கு என்பது அன்று மாலையே ஊருக்குத் தெரிந்துவிடும். அவர்களுக்கு அடுத்த நிலையில் இழுத்துப் பறித்து ஓட்டுகிற வீடுகளோ வட்டிக்கு வாங்கி வரி கட்டும். மனம் இருப்பவர் தரட்டும், தராதவர் பெயர் எங்கும் எழுதப்படாமல் இருக்கட்டும்.

மொய் விருந்தும் வேண்டாம். பேராவூரணிப் பக்கம் ஆடியில் நடப்பதைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய பணம். நோட்டில் ஏறிய தொகையை அடுத்த விசேஷத்தில் கூடுதலாக வைத்துச் செய்வதுதான் முறை. உதவி பெறும் குடும்பத்தின் பெயரில் எழுதினால் அது கடனாகி அவர்கள் தலையில் நிற்கும். பொதுவில் எழுதினால், திரும்பச் செய்ய ஆள் இல்லாத மொய்யை யாரும் மனதாரச் செய்யமாட்டார்கள். சாப்பாட்டுச் செலவு வேறு.

வசூலுக்கு முன் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். அரிசி அட்டைக்கு ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. அதனால் அரிசி மூட்டை சேர்க்காதீர்கள், வாங்கிய வீட்டிலிருந்து பாதி விலைக்கு வெளியே போகும். கையில் காசில்லாமல் நிற்பது சிலிண்டருக்கு, பாலுக்கு, மாத்திரைக்கு, கரண்ட் பில்லுக்கு, பஸ்ஸுக்கு. வீட்டுக்கு மாதம் 1,800 ரூபாய் என்று வைத்தால் 18 வீட்டுக்கு 32,400. ஐப்பசி முதல் தை வரை நாலு மாதத்துக்கு 1,29,600. திடீர்ச் செலவுக்கு 20,000 சேர்த்தால் ஏறத்தாழ ஒன்றரை லட்சம். வாக்குக் கொடுத்த எல்லோரும் தரமாட்டார்கள், ஆகவே இரண்டு லட்சத்துக்கு வாக்கு வாங்குங்கள். அப்படியும் குறைந்தால் வீடுகளைக் குறைக்க வேண்டாம், 1,800-ஐ 1,500 ஆக்குங்கள்.

குறுவை அறுத்தவர்களிடம் இப்போது கேட்பதே சரி, கொள்முதல் பணம் வங்கிக்கு வருகிற நேரம். சம்பா மட்டும் போட்டவர்கள் "தையில் நெல்லாகத் தருகிறேன்" என்பார்கள். எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அந்த நெல்லை நம்பி இப்போது கடன் வாங்கிச் செலவு செய்யாதீர்கள். நேரடி கொள்முதல் நிலையத்தில் சாகுபடி செய்தவர் பெயரில், சிட்டா, அடங்கல் என்கிற நில, பயிர்ப் பதிவுகளோடுதான் நெல் போட முடியும். பொதுவாகச் சேர்த்த நெல்லை அங்கே கொண்டுபோக வழியில்லை, வியாபாரி சொல்லும் விலைதான். அதைவிட, நெல்லைத் தன் பெயரிலேயே போட்டுவிட்டுப் பணமாகத் தரச் சொல்லுவது நல்லது.

பணம் எங்கே இருக்கும் என்பதில்தான் சண்டை பிறக்கிறது. ஒருவருடைய ஜிபே எண்ணுக்கு எல்லாரும் அனுப்புவது வசதிதான், ஆனால் அவர் எவ்வளவு நேர்மையானவரானாலும் கெட்ட பெயர் அவருக்குத்தான். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவருக்கு ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அது அவருடைய வருமானமாகக் கணக்கில் வரக்கூடும் என்பதும் உண்டு. ஊரில் பதிவு செய்த பொதுநலச் சங்கம் ஏதாவது இருந்தால் அதன் கணக்கில் வாங்கி, தனிப் பேரேடு வையுங்கள். இல்லையென்றால் நோக்கத்தைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி, இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்கிற கூட்டுக் கணக்கு தொடங்குங்கள். வரி விஷயத்தை ஒரு ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட கணக்குகளுக்கு யுபிஐ பெரும்பாலும் தரமாட்டார்கள், அக்கவுண்ட் நம்பர் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ரொக்கத்துக்கு வரிசை எண் அச்சிட்ட, கார்பன் வைக்கிற ரசீதுப் புத்தகம். வசூலுக்கு இரண்டு பேராகப் போகட்டும், அன்று மாலையே பணமும் அடிக்கட்டையும் ஒப்படைக்கட்டும்.

சிங்கப்பூர்ப் பணத்தில் கவனம் தேவை. இந்தியக் குடிமக்களாக அங்கே வேலை செய்பவர்கள் தங்கள் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பலாம். அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் தருவது, நம் ஊரில் பிறந்தவரே ஆனாலும், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு. அதற்கான பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது, ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் கூடாது. அவர் ஊரிலுள்ள தன் சொந்தக்காரருக்கு நேராக அனுப்பிக்கொள்ளட்டும்.

இனி, யாருக்குக் கொடுப்பது. அதை முடிவு செய்ய ஒரு குழு வையுங்கள். அதில் ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒருவர் இருக்க வேண்டும், காலனியிலிருந்து கட்டாயம் இருக்க வேண்டும், அதிலும் ஒரு பெண் இருந்தால் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது சரியாகத் தெரியவரும். கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைக்காதீர்கள். வரத் தயங்குகிறவர்கள் வராமலேயே போவார்கள், பணம் ஒரு தெருவிலேயே சுற்றும். பள்ளிக்கூடமோ நூலகமோ போதும். வீடுகளின் பட்டியல் எண்ணாக மட்டும் இருக்கட்டும், எந்த எண் எந்த வீடு என்பது இரண்டு பேருக்கு மேல் தெரிய வேண்டாம். பலகையில் எழுத வேண்டியது வரவு, செலவு, இருப்பு, எத்தனை வீடு என்பது மட்டுமே. கொடுக்கும்போது போட்டோ எடுக்கவே கூடாது. அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, நாளைக்கு அந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் கையிலும் இருக்கும்.

கொடுக்கும் விதத்திலும் இரண்டு பொறி உண்டு. மளிகைக் கடையில் வீட்டுக்கு மாதம் 1,000 ரூபாய்க்குச் சாமான் என்று ஏற்பாடு செய்தால், கடைக்காரர் அதைப் பழைய பாக்கியில் கழித்துக்கொள்வார். "பழைய பாக்கிக்கு இது இல்லை" என்று முதலிலேயே பேசி எழுதி வாங்குங்கள், மொத்த வியாபாரம் என்பதால் தள்ளுபடியும் கேளுங்கள். மீதி 800-ஐ அவர்கள் வங்கிக் கணக்கில் போட்டால், மகளிர் குழுவில் வாங்கிய கடனின் தவணைக்கு வங்கி தானாக எடுத்துக்கொள்ளக்கூடும். உறையில் வைத்து வீட்டுப் பெண்மணியிடம் கையில் கொடுங்கள். பெயருக்குப் பதில் எண் போட்டு ஒரு கையெழுத்து.

அந்த 18 வீட்டையும் ஒரு நாள் உட்கார வைத்து, அரசிடமிருந்து வர வேண்டியது வருகிறதா என்று பாருங்கள். முதியோர், கைம்பெண் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். தகுதி இருந்தும் மனு கொடுக்காத ஒருவருக்கு அதை வாங்கித் தந்தால் உங்கள் நிதி தீர்ந்த பிறகும் அது வரும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. அட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் ஆபரேஷனுக்கென்று தனியாக வசூலில் இறங்க வேண்டாம்.

இந்த நிதியிலிருந்து யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள், வட்டியில்லாக் கடனும் கூடாது. கேட்கிறவரை மறுக்க முடியாமல் கொடுத்து, திரும்பக் கேட்கும்போதுதான் பேச்சு நிற்கும். தையில் மிச்சம் இருந்தால் சித்திரை, வைகாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் திறந்து நடவு வருகிற வரை அதுவும் வேலையில்லாத காலம்தான். ஜனவரி 26 கிராம சபையன்று வரவு செலவு முழுவதையும் ஊரார் முன் வாசித்துவிடுங்கள்.

முதல் உறை ஐப்பசி முதல் வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அடைமழை பிடித்துவிட்டால் இருக்கிற கூலி வேலையும் நின்றுவிடும்.