அருவிக்கு ஒரு காலம், டெல்டாவுக்கு ஒரு காலம்

கேள்வி: எனக்கும் கணவருக்கும் திருமணமாகி ஆறு வருடம் ஆகிறது. சேர்த்து வைத்த பணத்தில் ஆப்பிரிக்கா போக முடிவு செய்திருக்கிறோம். முதலில் விக்டோரியா அருவி, அப்புறம் போட்ஸ்வானாவில் ஒகவாங்கோ டெல்டா. மொத்தம் 12 இரவுகள். அருவியை முழு வெள்ளத்தில் பார்க்க வேண்டும், அதன் விளிம்பில் இருக்கும் டெவில்ஸ் பூலில் இறங்க வேண்டும், பாலத்திலிருந்து பங்கி ஜம்ப் குதிக்க வேண்டும். இதெல்லாம் என் ஆசை. அவருக்குப் பறவைகள் என்றால் உயிர், ஆனால் நீச்சல் தெரியாது. நீர்யானைகள் இருக்கும் தண்ணீரில் மொகோரோ என்ற சின்னத் தோணியில் போவதை வீடியோவில் பார்த்ததிலிருந்து, ‘நீ போயிட்டு வா, நான் கரையிலேயே இருக்கேன்’ என்கிறார். தோழி ஏப்ரலில் போகச் சொல்கிறாள். டிராவல் ஏஜென்ட் அக்டோபர்தான் சரி என்கிறார். எந்த மாதம் போகலாம்? அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தோழி, ஏமாற்றம் தரும் செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழு வெள்ளமும் டெவில்ஸ் பூலும் ஒரே பயணத்தில் கிடைக்காது. விக்டோரியா அருவி சாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் எல்லையில் இருக்கிறது. டெவில்ஸ் பூல் என்ற அந்தக் குளம் சாம்பியா பக்கத்தில், லிவிங்ஸ்டன் தீவை ஒட்டி, நீர் விழும் விளிம்பிலேயே இருக்கிறது. ஆறு வற்றி, விளிம்பில் இருக்கும் பாறை மேலே தெரிந்தால்தான் ஆட்களை இறக்குவார்கள். பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஜனவரி தொடக்கம் வரைதான். ஏப்ரலில் அந்தப் பாறைக்கு மேல் ஜாம்பெசி ஆறு ஓடிக்கொண்டிருக்கும். ஆக, இரண்டில் ஒன்றை நீங்கள் விட வேண்டும்.

உங்கள் தோழி சொல்வதும் சரி, ஏஜென்ட் சொல்வதும் சரி. ஏப்ரலில் அருவி உச்சத்தில் இருக்கும். அக்டோபரில் குளத்தில் இறங்கலாம். அக்டோபர் வறட்சியின் கடைசி மாதம் என்பதால் மிருகங்களும் தண்ணீர் இருக்கும் இடங்களில் கூடி நிற்கும். ஆனால் ஏப்ரலின் உச்சத்துக்கு ஒரு விலை உண்டு. அருவியின் அகலம் 1,708 மீட்டர், ஆழம் 108 மீட்டர் வரை. அத்தனை நீரும் ஒரு குறுகிய பிளவுக்குள் விழும்போது கிளம்பும் சாரலில் எதிரே இருக்கும் பாறையே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அருவிக்கு எதிரே இருக்கும் நைஃப் எட்ஜ் நடைபாலத்தில் தொப்பலாக நனைந்தபடி வெள்ளைச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். இதை அறியாமல் போய் முகம் வாடித் திரும்புகிறவர்கள் நிறைய. அக்டோபரிலோ சாம்பியா பக்கம் பெரும்பாலும் வெறும் பாறைதான் தெரியும். அருவிக்காகவே கடல் தாண்டிப் போகும் ஒருவருக்கு நான் அந்த மாதத்தைச் சொல்ல மாட்டேன்.

ஆனால் தோழி, ஏஜென்ட் இருவருமே ஒகவாங்கோவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே வெள்ளம் வரும் விதமே வேறு. அங்கோலாவின் மேட்டுநிலத்தில் ஜனவரி, பிப்ரவரியில் கொட்டும் மழை குபாங்கோ, குயிட்டோ என்ற இரண்டு ஆறுகளில் இறங்கி, ஒன்றுசேர்ந்து, நமீபியாவின் ஒரு துண்டைக் கடந்து போட்ஸ்வானாவுக்குள் நுழைகிறது. அதன் பிறகு அவசரமே கிடையாது. டெல்டாவின் தலையிலிருந்து மவுன் நகரம் வரை சுமார் 250 கிலோமீட்டர் தூரம், சரிவோ ஏறக்குறைய 60 மீட்டர்தான். திண்ணையில் கொட்டிய தண்ணீர்போல வெள்ளம் மணலை நனைத்துக்கொண்டு, பாப்பிரஸ் கோரைக்குள் புகுந்து, மெல்ல மெல்லப் பரவுகிறது. மவுன் பக்கம் வந்து சேரும்போது ஜூன் அல்லது ஜூலை ஆகிவிடும். அங்கே மழை நின்று மாதக்கணக்காகியிருக்கும், சுற்றியுள்ள காடு காய்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் வறண்ட நிலத்தின் நடுவே ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டருக்குத் தண்ணீர் விரிகிறது! யானையும் எருமையும் லெச்வே மானும் அதைத் தேடி வருகின்றன. இந்த ஆறு கடலைச் சேர்வதே இல்லை. கிட்டத்தட்ட எல்லா நீரும் வெயிலுக்கும் செடிகளுக்கும் மணலுக்குமே போய்விடுகிறது. 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாகச் சேர்ந்தது இந்த டெல்டாதான். அந்த இடத்துக்கு அது முழுத் தகுதியுள்ளது என்பது என் எண்ணம்.

எனவே என் பதில், ஜூன் கடைசி வாரத்திலிருந்து ஜூலை நடுப்பகுதிக்குள் போங்கள். அருவி ஏப்ரல் அளவுக்கு இருக்காது. ஆனாலும் நல்ல நீர் இருக்கும், சாரல் அடங்கி அருவியின் முகம் தெரியும், டெல்டாவும் நிரம்பியிருக்கும். டெவில்ஸ் பூலை இந்த முறை மறந்துவிடுங்கள். உங்கள் கணவரும் ஒன்றை இழக்கிறார், அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். செக்கச்செவேலென்று கூட்டமாக வரும் கார்மைன் பஞ்சுருட்டான்கள் ஜூலையில் அங்கே இருக்காது. கொக்கு, நாரைகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுவதும் அதற்குப் பிறகுதான். ஆனால் ஆண்டு முழுவதும் அங்கேயே வாழும் பறவைகள் குறையாது. ஆப்பிரிக்க மீன்கழுகின் குரலில்தான் காலை விடியும். அல்லி இலைமேல் நடக்கும் இலைக்கோழி, கோரைத் தண்டில் உட்கார்ந்திருக்கும் மாலகைட் மீன்கொத்தி, சிவப்பும் கறுப்புமான அலகோடு சேடில்பில் நாரை என்று அவருக்கு நாள் போதாது. ஆற்றோரப் பெரிய மரங்களில் பெல் மீன் ஆந்தை கண்ணில் பட்டுவிட்டால் அந்த ஒன்றுக்கே பயணச் செலவு சரியாகிவிட்டது என்பார்.

ஒரு எச்சரிக்கை. வெள்ளம் எல்லா ஆண்டும் ஒரே அளவில் வராது. 2019-ல் பல ஆண்டுகளில் காணாத அளவுக்குக் குறைந்துபோனது. முன்பதிவு செய்யும்போதே முகாமிடம், தண்ணீர் குறைவாக இருந்தால் படகுக்குப் பதில் என்ன செய்வீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் மனம் அதில்தான் நின்றது. சம்மதிக்க வைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள் என்பேன். நீச்சல் தெரியாதவர், நீர்யானையைக் கண்டு பயப்படுகிறார். இதில் மாற்ற வேண்டிய தவறு என்ன இருக்கிறது? அது மனிதர்களைக் கொல்லக்கூடிய மிருகம். பகலில் ஆழமான நீரில் கிடக்கும், அதன் வழியில் குறுக்கிட்டால் தோணியைக் கவிழ்க்கும். மொகோரோ ஓட்டுகிறவர்களே அதற்குப் பயந்துதான் ஆழமான கால்வாய்களைத் தவிர்த்து, இடுப்பளவு அல்லது அதற்கும் குறைந்த வெள்ளநீரில், புல்லுக்கு நடுவே கழியை ஊன்றிக்கொண்டு போகிறார்கள். உங்கள் கணவருக்கு இருக்கும் பயமும் அவர்களிடம் இருக்கும் கவனமும் ஒரே இடத்திலிருந்து வருபவைதான்.

அதே சமயம் ‘கரையிலேயே இருக்கேன்’ என்று அவர் சொல்வதும் சரியான தகவல் தெரியாமல் சொல்வது. நீர்யானை இரவில் புல் மேய்வது கரையில்தான். டெல்டாவின் முகாம்கள் பலவற்றுக்கு வேலி கிடையாது. இருட்டிய பிறகு கூடாரத்திலிருந்து சாப்பிடும் இடத்துக்குக்கூட முகாம் ஆள் துணையோடுதான் போக வேண்டும். கரையில் மிகவும் ஆபத்தான நிலை, நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவே நாம் நிற்பது. இதைச் சொல்வது அவரை மேலும் பயமுறுத்துவதற்காக இல்லை. அங்கே எந்த இடம் பாதுகாப்பு, எது இல்லை என்பதை வீட்டில் உட்கார்ந்து ஊகிக்காமல், வழிகாட்டியிடம் கேட்டு இருவரும் சேர்ந்தே தெரிந்துகொள்ளுங்கள். எந்தப் படகு, தண்ணீர் எவ்வளவு ஆழம், உயிர்காப்புச் சட்டை தருவார்களா (எல்லா இடத்திலும் தருவதில்லை), அந்தப் பகுதியில் நீர்யானைகள் எங்கே கிடக்கின்றன என்பதையெல்லாம் அவரே முகாமுக்கு எழுதிக் கேட்கட்டும். பயப்படுகிறவர் கேட்கும் கேள்விகள் நல்ல கேள்விகளாக இருக்கும். பதில் மழுப்பலாக வந்தால் வேறு முகாம் பாருங்கள்.

வரிசையிலும் ஒரு யோசனை உண்டு. நேராக டெல்டாவுக்குப் போகாமல் வழியில் போட்ஸ்வானாவின் கசானே நகரில் மூன்று இரவு தங்குங்கள். சோபே ஆற்றில் பெரிய தட்டைப் படகுகள் ஓடுகின்றன. உயரமான இருக்கை, கைப்பிடி எல்லாம் உண்டு. அதிலிருந்தே நீர்யானைகளையும் முதலைகளையும் பத்திரமான தூரத்தில் பார்க்கலாம். மாலை நேரத்தில் யானைக் குடும்பங்கள் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு செடுடு தீவுக்கு நீந்திப் போவதைப் பார்க்க வாய்ப்பிருக்கிறது. அந்தத் தீவு யாருக்குச் சொந்தம் என்று போட்ஸ்வானாவும் நமீபியாவும் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1999-ல் போட்ஸ்வானா பக்கம் தீர்ப்பானது. யானைகள் அப்போதும் நீந்திக்கொண்டுதான் இருந்திருக்கும். இந்த மூன்று நாளில் தண்ணீரோடு அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிடலாம். வராமலும் போகலாம். டெல்டாவில் அவருக்கு மோட்டார் படகு இருக்கிறது, ஜீப் இருக்கிறது, மவுனிலிருந்து முக்கால் மணி நேரம் டெல்டாவுக்கு மேலே சுற்றிவரும் சிறு விமானமும் இருக்கிறது. மொகோரோவில் ஏற அவருக்கே தோன்றினால், முகாமுக்குப் பக்கத்தில் ஆழமில்லாத நீரில் அரை மணி நேரம் போய்வரச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். நீங்கள் போய்விட்டு வாருங்கள். அந்தக் காலைப் பொழுதில் அவர் வழிகாட்டியோடு பறவை பார்த்துக்கொண்டிருப்பார். திருமணமான இருவர் ஒரு காலையைத் தனித்தனியாகக் கழித்தால் பயணம் ஒன்றும் கெட்டுவிடாது.

இன்னொன்றும் கவனித்தேன். கடிதத்தில் எங்குமே அவர் உங்களைத் தடுக்கவில்லை. பாலத்திலிருந்து குதிக்காதே என்று சொல்லவில்லை, ‘போயிட்டு வா’ என்றுதான் சொல்கிறார். எத்தனை பேருக்கு இது கிடைக்கிறது? அதே சுதந்திரத்தை அவருக்கும் கொடுங்கள். நீங்கள் குதிக்கும்போது அவர் பாலத்தில் நின்று பார்த்தே ஆக வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தாதீர்கள். 1905-ல் கட்டிய பாலம், குதிக்கும் தூரம் 111 மீட்டர். நிற்கிறவருக்குத்தான் வயிற்றைக் கலக்கும். இரத்த அழுத்தம், கண், முதுகு இவற்றில் ஏதாவது பிரச்சினை இருந்தால் முன்னாலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பயணக் காப்பீட்டில் பங்கி ஜம்ப் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல பாலிசிகளில் இருக்காது. டெல்டாவிலிருந்து நோயாளியை விமானத்தில் கொண்டுவரும் செலவு அதில் அவசியம் இருக்க வேண்டும்.

இருவரும் சேர்ந்து அனுபவிக்க ஒன்று சொல்கிறேன். அருவிப் பக்கம் தங்கும் நாட்களை முழுநிலவை ஒட்டி வையுங்கள். அந்த இரவுகளில் பூங்காவைத் திறந்து விடுகிறார்கள். நிலா வெளிச்சத்தில் சாரலுக்கு மேல் வானவில் எழும். தேதி குறிக்கும் முன் காலண்டரில் பௌர்ணமியைப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள்.

12 இரவுகளில் அருவிக்கு நான்கு, கசானேக்கு மூன்று, டெல்டாவுக்கு நான்கு, திரும்பும் முன் மவுனில் ஒன்று. இதற்கு மேல் ஏஜென்ட் ஒரு இடத்தைச் சேர்க்கச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். டெல்டாவில் மொரேமி காப்பகத்துக்கு உள்ளேயோ அதை ஒட்டியோ முகாம் கிடைத்தால் நல்லது. 1963-ல் பட்டாவானா மக்கள் தங்கள் சொந்த நிலத்தையே ஒதுக்கி உருவாக்கிய காப்பகம் அது. ஜூலையில் காட்டு நாய்கள் குட்டிகளோடு வளையில் இருக்கும் காலம் என்பதால் அவற்றையும் கேட்டுப் பாருங்கள். அருவியின் பெரும்பகுதி தெரிவது ஜிம்பாப்வே பக்கம். அங்கே தங்கி, ஒரு நாள் பாலத்தில் நடந்து சாம்பியாவுக்குப் போய் வாருங்கள். இரண்டு நாடுகளுக்கும் சேர்த்து கேஸா (KAZA) விசா என்று ஒன்று உண்டு, 50 டாலர், 30 நாள் செல்லும். எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கும் தரமாட்டார்கள். உங்களுக்கு உண்டா என்று தூதரகத்தில் கேளுங்கள். போட்ஸ்வானாவில் ஓர் இரவு தங்கிவிட்டால் அந்த விசாவில் திரும்பி வர முடியாது. அதனால்தான் அருவியை முதலில் முடித்துவிடச் சொல்கிறேன்.

டெல்டாவுக்குப் போகும் சிறு விமானங்களில் பொதுவாக ஒருவருக்கு 20 கிலோதான், கைப்பையும் சேர்த்து. சக்கரப் பெட்டி ஏறாது, மடங்கும் துணிப்பைதான் வேண்டும். ஆப்பிரிக்காதானே என்று மெல்லிய துணிகளாக எடுத்துப் போகாதீர்கள். ஜூலை அங்கே குளிர்காலம். விடியற்காலையில் திறந்த ஜீப்பில் பல் கிட்டும். கம்பளிக் குல்லாய், கையுறை, காற்றுப் புகாத ஜாக்கெட் எல்லாம் வேண்டும். கொசு குறைவான மாதம் என்றாலும் மலேரியா மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். சில மாத்திரைகளைக் கிளம்பும் முன்பே தொடங்க வேண்டும். அப்புறம், பைனாகுலர் இரண்டு வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். ஒன்றை வைத்து இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்தால் அவர் ‘அதோ, அதோ’ என்று காட்டி உங்கள் கைக்கு வருவதற்குள் மீன்கொத்தி பறந்திருக்கும்.