மூளைக்காய்ச்சல்: முதுகில் நீர் எடுக்கப் பயப்பட வேண்டாம்

பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல். என் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. தாராளமாகப் போய்ப் பார்த்து வாருங்கள். இந்த வைரஸ் பெருகுவது கொக்கு, நாரை, பன்றி இவற்றின் உடலில். அவற்றைக் கடித்த க்யூலெக்ஸ் கொசு நம்மைக் கடிக்கும்போது நமக்கு வருகிறது. மனித ரத்தத்தில் கொசுவுக்குத் தொற்றும் அளவுக்கு வைரஸ் சேர்வதில்லை. ஆனால் இரண்டு வீட்டுக்கும் ஒரே வயல்காடுதானே? அந்தக் கொசு உங்கள் வீட்டுக்கும் வரும். பொழுது சாய்ந்ததும் பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள், வலைக்குள் படுக்க வையுங்கள்.

தொட்டி, டயர் எல்லாம் சுத்தம் செய்துவிட்டோம். போதுமா?

அது டெங்கு கொசுவுக்கு. இது நெல் வயலில் தேங்கும் நீரில் வளர்வது. தண்ணீரை எப்போதும் கட்டி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் புழுக்கள் கொசுவாவதற்குள் செத்துவிடும். ஊரே சேர்ந்து செய்தால்தான் பலன்.

ஜப்பான் நோய் இங்கே எப்படி?

முதலில் கண்டறிந்த இடத்தின் பெயர், அவ்வளவுதான். இந்தியாவில் 1955-லேயே வேலூரில் அடையாளம் கண்டுவிட்டார்கள்.

என் தங்கை மகனுக்குக் காய்ச்சலோடு வலிப்பு. முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்கிறார்கள். கால் விளங்காமல் போகும் என்று மாமியார் கையெழுத்துப் போட விடவில்லை.

போடச் சொல்லுங்கள், இன்றே. இந்தப் பயத்தில் நாளைக் கடத்தியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி போடுவார்கள். எடுப்பது சில மில்லி நீர், அது தானாக ஊறிவிடும். அப்புறம் தலைவலி வரலாம், கால் போகாது. அந்த நீரில்தான் விடை இருக்கிறது. பாக்டீரியா என்றால் ஆன்டிபயாட்டிக் உயிரைக் காப்பாற்றும். ஜப்பானிய வைரஸ் என்றால் அதைக் கொல்லும் மருந்து இல்லை. வலிப்பை நிறுத்தி, மூளை வீக்கத்தைக் குறைத்து, மூச்சைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை. மூளை பாதித்தவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கக்கூடும். பிழைத்தவர்களிலும் பலருக்குக் கை நடுக்கம், பேச்சுக் குளறல், முரட்டுக் குணம் தங்கிவிடும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அப்புறம், வலிப்பு வந்தபோது கையில் சாவிக்கொத்தைத் திணித்ததாக எழுதியிருக்கிறீர்கள். இரும்பால் வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதுவும் வைக்காமல், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

தடுப்பூசி உண்டா?

உண்டு. நோய் அதிகமுள்ள மாவட்டங்களில் அரசே இலவசமாகப் போடுகிறது: ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. முதல் ஊசிக்குப் பிள்ளைக்குச் சுரம் வந்தது என்று இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் காட்டுங்கள்.