பெரிய வகுப்பு, வாட்ஸ்அப், டெலிகிராம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறேன், 14 ஆண்டுகளாக. மூன்று செக்‌ஷனை ஒரே அரங்கில் உட்கார வைத்தால் 180 பேர். அவர்களோடு வகுப்புக்கு வெளியே எப்படித் தொடர்பு வைத்துக்கொள்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி (உதவிப் பேராசிரியை, ஈரோடு): 200 பேர் வகுப்பு. வாட்ஸ்அப் குழு போதுமா, டெலிகிராம் வேண்டுமா?

டெலிகிராம் சேனல் தொடங்குங்கள் மேடம். காரணம் ஒன்றுதான். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த உடனே ஒவ்வொரு மாணவியின் செல்பேசி எண்ணும் மற்ற 199 பேர் கையில் இருக்கும். டெலிகிராம் சேனலில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அட்மின் மட்டுமே பார்க்க முடியும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் நானே தொடங்கிய வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு மாணவியின் எண்ணை எடுத்து, இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் யாரோ செய்தி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவள் முதலில் குழுவை விட்டு விலகினாள். அப்புறம் வகுப்புக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள். எனக்குத் தெரிய ஆறு வாரம் ஆயிற்று. புகார் கொடுத்தோம், நடவடிக்கையும் எடுத்தார்கள். ஆனால் அந்த செமஸ்டர் அவளுக்குப் போனது போனதுதான். அன்றிலிருந்து மாணவர் எண் வெளியே தெரியும் எந்தக் குழுவையும் நான் தொடங்குவதில்லை.

வாட்ஸ்அப்தான் வேண்டும் என்றால் அதிலேயே 'சேனல்' வசதி இருக்கிறது. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அதில் பின்தொடர்பவர்களுக்கு ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது.

கேள்வி (கௌரவ விரிவுரையாளர், விழுப்புரம்): வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பேரைச் சேர்க்கலாம்?

1024. முன்பு 256 ஆக இருந்ததை 2022-இல் முதலில் 512, பிறகு 1024 ஆக்கினார்கள். இடம் இருக்கிறது என்பதற்காகச் சேர்க்க வேண்டாம். மேலே சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (ஆய்வு மாணவி, கோவை): இதெல்லாம் படிப்புக்கு உண்மையிலேயே உதவுகிறதா, அல்லது அறிவிப்புப் பலகைதானா?

நல்ல கேள்வி. 2009-இல் டல்லாஸில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் 90 பேர் வகுப்பில் ட்விட்டரைக் கொண்டுவந்தார். வகுப்பு நடக்கும்போதே மாணவர்கள் எழுதியது திரையில் ஓடியது. அன்று 140 எழுத்துகள்தான் எல்லை. அதனால் ஆழமாக எழுத முடியவில்லை. ஆனால் கை தூக்காத பலர் எழுதினார்கள்.

2011-இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில் முதலாண்டு மாணவர்கள் 125 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் பாடத்தோடு ட்விட்டர். அந்தப் பிரிவின் ஈடுபாடும் மதிப்பெண் சராசரியும் கூடின. இதில் கவனிக்க வேண்டியது, ஆசிரியர்களும் அங்கேயே இருந்து பதில் எழுதினார்கள். குழு தொடங்கிவிட்டு 'இன்டர்னல் தேர்வு தேதி மாற்றம்' என்று மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அது அறிவிப்புப் பலகைதான்.

கேள்வி (உதவிப் பேராசிரியர், தூத்துக்குடி): சேனலில் 'சந்தேகம் கேளுங்கள்' என்று போட்டால் ஒருவரும் கேட்பதில்லை. என்ன செய்ய?

பெயர் இல்லாமல் கேட்க வழி செய்யுங்கள். நான் ஒரு கூகுள் ஃபார்ம் வைத்திருக்கிறேன். மின்னஞ்சல் முகவரி சேகரிக்கும் வசதியை அணைத்துவிட்டு, ஒரே ஒரு பெட்டி: 'இந்த வாரம் எங்கே நின்றுவிட்டது?' இணைப்பைச் சேனலின் உச்சியிலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்துவிட்டேன்.

முதல் வாரமே வந்த கேள்வி: 'ஐகன் வெக்டர் ஏன் பூச்சியமாக இருக்கக் கூடாது?' மறுநாள் வகுப்பை அதில்தான் தொடங்கினேன். ஓர் அணியால் பெருக்கினால் தன்னுடைய ஏதோ ஓர் எண் மடங்காகவே வரும் வெக்டர்தான் ஐகன் வெக்டர், அந்த எண் ஐகன் மதிப்பு. பூச்சிய வெக்டரை அனுமதித்தால் எந்த எண்ணைப் போட்டாலும் சமன்பாடு சரியாகிவிடும், எல்லா எண்ணும் ஐகன் மதிப்பு ஆகிவிடும். 180 தலைகள் நிமிர்ந்தன. கேட்டவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்னொன்று வந்தது. அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: 'மேடம், நான் தமிழ் மீடியம். டிட்டர்மினன்ட் என்றால் அணிக்கோவைதான் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் முதல் நாளே புரிந்திருக்கும்.' பன்னிரண்டாம் வகுப்பில் அணிக்கோவையில் கணக்கு கணக்காகப் போட்டுவிட்டு வந்த பிள்ளை, ஒரு சொல் தெரியாமல் மூன்று வாரம் உட்கார்ந்திருக்கிறது. எழுந்து நின்று இதைக் கேட்க அந்த அரங்கில் எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

கேள்வி (ஓய்வுபெற்ற பேராசிரியர், மதுரை): பெயர் சொல்லாமல் கேட்பதைப் பழக்கினால், நாளை நேர்காணலில் எப்படிப் பேசுவார்கள்? கோழைத்தனத்தை வளர்க்கிறீர்கள் அம்மா.

மன்னிக்க வேண்டும் ஐயா, எனக்கு உடன்பாடில்லை. பேசப் பழகுவது முக்கியம்தான். ஆனால் அதை 180 பேர் முன்னால்தான் தொடங்க வேண்டும் என்பது நீச்சல் தெரியாதவரைக் கிணற்றில் தள்ளுவது மாதிரி. பியாஸா என்ற கேள்வி பதில் தளத்தை 2009-இல் தொடங்கிய பூஜா சங்கர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். வகுப்பில் பெண்கள் மிகச் சிலர். ஆண்கள் கூடிப் பேசிப் பாடத்தைத் தீர்த்துக்கொள்ள, இவர் கூச்சத்தில் தனியாகத் திணறியிருக்கிறார். சக மாணவர்களுக்குப் பெயர் தெரியாமல் கேட்கும் வசதி அந்தத் தளத்தில் இருக்கிறது.

அதே பேராசிரியர் மீண்டும்: பெயர் இல்லை என்றால் ஆசிரியரைத் திட்டுவார்களே?

திட்டினார்கள் ஐயா. நான்கு ஆண்டுகளில் ஏழெட்டு வந்திருக்கும். வகுப்பில் படித்துக் காட்டவில்லை, அழித்துவிட்டேன். ஃபார்மில் வருவதை முதலில் நான் மட்டும்தான் பார்க்கிறேன், தேர்ந்தெடுத்துத்தான் சேனலில் போடுகிறேன். ஆகவே எந்த மாணவரும் புண்படுவதில்லை.

இடையில் ஒரு மாணவர் (இரண்டாமாண்டு, சேலம்): நான் அந்த மாதிரி ஃபார்மில்தான் முதலில் கேட்டேன். மூன்றாவது கேள்விக்குப் பிறகு நேரிலேயே கேட்கத் தொடங்கினேன்.

நன்றி தம்பி. இதைத்தான் சொல்ல வந்தேன்.

அதே பேராசிரியர்: சரி, முதல் செமஸ்டருக்கு மட்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் செமஸ்டரில் பெயர் போட வேண்டும்.

ஐயா, நான் நிறுத்த மாட்டேன். ஆனால் உங்கள் கவலையிலும் நியாயம் இருக்கிறது. இரண்டாம் செமஸ்டரிலிருந்து 'விரும்பினால் பெயர் எழுதலாம்' என்று இரண்டாவது பெட்டி வைக்கிறேன். எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று அடுத்த ஆண்டு உங்களுக்குச் சொல்கிறேன்.

கேள்வி (உதவிப் பேராசிரியை, தஞ்சாவூர்): எல்லாரும் வாட்ஸ்அப்பில்தானே இருக்கிறார்கள்? குழு தொடங்கிவிட்டு அட்மின் மட்டும் செய்தி போடும்படி வைத்தால் போதாதா?

போதாது. செய்தியைத்தான் தடுக்கிறீர்கள், எண் தெரிவதைத் தடுக்கவில்லை.

கேள்வி (வேலூர்): கிளாஸ் ரெப்பை (வகுப்புப் பிரதிநிதியை) அட்மினாக்கி வாட்ஸ்அப் குழு தொடங்கச் சொல்லலாமா?

எண், எண், எண். தயவுசெய்து முதல் பதிலைப் படியுங்கள். யார் தொடங்கினாலும் அதே கதைதான்.

கேள்வி (திருநெல்வேலி): மாணவர்கள் இன்ஸ்டாகிராமில் பின்தொடரக் கேட்கிறார்கள். ஏற்கலாமா?

என் சொந்தக் கணக்கில் ஏற்பதில்லை. ஆண், பெண், நன்றாகப் படிப்பவர் என்று எந்த வேறுபாடும் இல்லை. பாடத்துக்குத் தனிக் கணக்கு வைத்திருந்தால் அது எல்லாருக்கும் திறந்திருக்கட்டும்.

கேள்வி (பி.காம். மாணவி, சென்னை): எங்கள் சார் இன்டர்னல் மதிப்பெண் பட்டியலைப் பெயரோடு குழுவில் போட்டுவிட்டார். சரியா?

சரியில்லை அம்மா. தனித்தனியாகத்தான் தெரிவிக்க வேண்டும். கிளாஸ் ரெப் வழியாகத் துறைத் தலைவரிடம் (எச்.ஓ.டி.) எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி (நிர்வாக அலுவலர், நாமக்கல்): முதலாண்டில் பலருக்கு 17 வயதுதான். பெற்றோர் ஒப்புதல் வேண்டுமா?

சட்டம் என் துறை இல்லை. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகவே கொள்கிறது. அவர்கள் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. உங்கள் கல்லூரியின் சட்ட ஆலோசகரிடம் கேளுங்கள்.

கேள்வி (புதிதாகச் சேர்ந்த ஆசிரியை, கரூர்): திங்கட்கிழமை முதல் வகுப்பு. சேனல் தொடங்கிவிட்டேன். முதல் செய்தியாக என்ன போடட்டும்?

உங்கள் பெயர், அறை எண், எத்தனை மணி வரை பதில் வரும் என்பது. நான் இரவு எட்டு மணி என்று எழுதுவேன், அதன்பின் பதில் போடுவதில்லை. அடுத்து ஒரு வாக்கெடுப்பு: 'பன்னிரண்டாம் வகுப்பு எந்த மீடியம்?' டெலிகிராமில் பெயர் தெரியாத வாக்கெடுப்பு வைக்கலாம். போன ஆண்டு என் அரங்கில் 70 பேருக்கு மேல் தமிழ் மீடியம் என்று வந்தது. அன்று இரவே அணி, அணிக்கோவை, வகையீடு, தொகையீடு என்று 40 சொற்களுக்கு ஆங்கிலச் சொல்லோடு ஒரு பட்டியல் தயாரித்துச் சேனலில் போட்டேன். உங்களுக்கும் வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.