ரூட்டர் பேனலில் 40 பட்டன்களை எந்த வரிசையில் அமைப்பது?

கேட்டவர் சின்ன சேனல் ஒன்றில் புதிதாகச் சேர்ந்தவர் என்று நினைக்கிறேன். 40×40 எஸ்டிஐ ரூட்டர் (எஸ்டிஐ என்ற வீடியோ கேபிளில் 40 இடங்களிலிருந்து வரும் படத்தை 40 இடங்களில் எதற்கும் திருப்பிவிடும் கருவி), 40 பட்டன் பேனல், எக்ஸ்ஒய் முறையில் (வரும் இடத்துக்கும் போகும் இடத்துக்கும் தனித்தனிப் பட்டன்) வைக்க வேண்டும் என்கிறார். 40 சோர்ஸுக்கும் (படம் வரும் இடம்) 40 டெஸ்டினேஷனுக்கும் (படம் போகும் இடம்) 80 பட்டன் வேண்டும். எல்லாவற்றையும் போட முடியாது, நல்லதுதான். "நம்பர் வரிசையில் போட்டுவிடு" என்று சீனியர் யாராவது சொல்லியிருப்பார். கேட்காதீர்கள். அப்படி அமைத்த பேனலில்தான் நான் மெமோ வாங்கினேன்.

2016 மே 19, சட்டமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. முந்தின நாள் மாலை 6 மணிக்கு வந்தவன், மாற்று ஆள் வராததால் காலை 8 மணிக்கும் எம்சிஆரில் (சேனலின் ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தும் அறை) உட்கார்ந்திருந்தேன். மதுரையில் நின்ற நேரலை வண்டியிலிருந்து ஃபீட் (படமும் ஒலியும்) வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பேனலில் டெஸ்டினேஷன் 15 என் மேசை மானிட்டர், 16 ஒளிபரப்பு லைன். ரூட்டரின் பின்னால் கேபிள் செருகிய வரிசை அப்படியே முன்னாலும்.

எக்ஸ்ஒய்யில் முதலில் டெஸ்டினேஷன், பிறகு சோர்ஸ். ஆனால் எங்கள் பேனலில், கடைசியாகத் தொட்ட டெஸ்டினேஷன் தேர்விலேயே இருக்கும். எனக்கு முன்னால் ஒருவர் 16ஐத் தொட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். எரிவது 15தான் என்று நினைத்து 'மதுரை'யை அழுத்தினேன். என் மானிட்டரில் ஒன்றும் மாறவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன். நேயர்கள் பார்ப்பதையே காட்டும் ஆஃப் ஏர் மானிட்டருக்குப் படம் சாட்டிலைட்டைச் சுற்றித் தாமதமாகத்தானே வரும்? வந்தபோது எங்கள் நிருபர் காலரைச் சரிசெய்துகொண்டே யாரிடமோ இட்லி வந்துவிட்டதா என்று கேட்கிறார். எஸ்டிஐயில் படத்தோடு ஒலியும் சேர்ந்தே போகும், இட்லியும் போய்விட்டது. 11 விநாடி.

"ஒளிபரப்பு லைனை ஏன் ரூட்டர் வழியாக விட்டீர்கள்?" என்று சிலர் வருவார்கள். எது ஒளிபரப்பாக வேண்டும் என்று மாற்றிவிடும் எம்சிஆர் ஸ்விட்சர் செத்தால் நேராக அனுப்ப ஒரு வழி வேண்டாமா? "இப்போதெல்லாம் எஸ்டி 2110 வந்தாச்சே" (எஸ்டிஐக்குப் பதில் ஐபி நெட்வொர்க்கில் படம் அனுப்பும் முறை) என்பவர்களுக்கு: வந்தாச்சு ஐயா, அங்கேயும் பேனலில் பட்டன்தான் இருக்கிறது.

அப்புறம் நான் செய்தது இது. ஒளிபரப்பு லைனைப் பொதுப் பேனலிலிருந்தே எடுத்துவிட்டேன். இன்சார்ஜ் மேசையில் அதற்குத் தனியாக ஒரு சின்னப் பேனல், நான்கே சோர்ஸ், டேக் என்ற உறுதி செய்யும் பட்டனை அழுத்தினால்தான் மாறும், தவறி மாறாமலிருக்க லாக்கும் உண்டு. அவசரத்தில் லாக் எடுக்க ஒரு விநாடி போகும், போகட்டும். பொதுப் பேனலில் டேக் வைக்கவில்லை. நாளுக்கு நூறு தடவை மானிட்டர் மாற்றுகிற பையன்களுக்கு, யோசிக்காமல் டேக்கையும் சேர்த்தே அழுத்தும் பழக்கம் வந்துவிடும். டெஸ்டினேஷன்கள் இடது ஓரம், நடுவில் ஒரு வரிசை காலிப் பட்டன், பிறகு சோர்ஸ். கலர் பாரும் (சோதனைக்கான வண்ணப் பட்டைகள்) ப்ளாக்கும் (வெறும் கறுப்புப் படம்) வலது மூலையில். லேபிளில் 'மதுரை' என்று எழுதியதும் தப்பு. மறுநாள் வண்டி திருநெல்வேலி போகும், பட்டனில் மதுரையே இருக்கும். 'வண்டி 2' என்று எழுதுங்கள்.

மெமோவில் 'கவனக்குறைவு' என்று மட்டும் போட்டிருந்தார்கள். 14 மணி நேரம் உட்கார்ந்திருந்தது பற்றி ஒரு வரி இல்லை. பேனலை அமைத்துக் கொடுத்தவருக்கு பில் பாஸாகிவிட்டது.

சரி, உங்கள் விஷயம். மாற்றும் முன் பழைய அமைப்பை ஃபைலாகச் சேமியுங்கள், பேனலை போனில் ஒரு படமும் எடுங்கள். இரவு 2 மணிக்கு மேல், பதிவு செய்த நிகழ்ச்சி ஓடும்போது மாற்றுங்கள். அடுத்த ஷிப்ட்காரரிடம் வாயால் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், நோட்டீஸ் ஒட்டினால் யாரும் படிப்பதில்லை.